மேற்கோள் விதிகளின் மாற்றமும் தமிழாய்வும்

ஆய்வுரை எழுதுவார் மேற்கோளின் மூலத்தைக் குறித்தல் எற்றுக்கு? படிப்பவர் அம்மூலத்தைத் தாமே எடுத்துக் காண்டற்கும், கூறியது பொருந்துமோ எனத் தேர்தற்கும் ஆம். காற்புள்ளியும் சாய்வெழுத்தும் இப்பயனுக்குத் துணை நிற்பனவேயன்றித் தாமே பயனாகா. விதிகள் அடிக்கடி மாறும் இந்நாளில், அவற்றை இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும்.

அமெரிக்காவில் மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் என்னும் மொழியறிஞர் கழகம் 1951இல் மேற்கோள் நடைக்குறிப்பு ஒன்றை வெளியிட்டது. 1977இல் அதன் கைந்நூல் தோன்றிற்று. 2009இல் வந்த ஏழாம் பதிப்பு, மூலம் அச்சுநூலோ இணையப்பக்கமோ என்பதை ஒவ்வோரிடத்தும் குறிக்குமாறு பணித்தது. 2016இல் வந்த எட்டாம் பதிப்போ அக்குறிப்பு வேண்டா என விலக்கிற்று. ஒன்பதாம் பதிப்பு 2021இல் வந்தது. எனவே, ஒரு பதிப்பின் காலத்தே ஆய்விற்குப் பதிவு செய்த மாணவர் மற்றொன்றன் காலத்தே ஏடு முடிக்க நேர்கின்றது.

எட்டாம் பதிப்பின் நோக்கம் போற்றற்குரியது. மூலத்தின் வகைதோறும் தனிவிதி கூறுதலை விடுத்து, ஆசிரியர், தலைப்பு, அதனை அடக்கிய பெருநூல், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கம் என எல்லாவற்றிற்கும் ஒரு பொதுமுறையை அது வகுத்தது. ஆயின், பதிப்பிடத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம் என்றும் கூறிற்று. அமெரிக்க உளவியற் கழகத்தார் தம் ஏழாம் பதிப்பில் 2019இல் பதிப்பிடத்தை நீக்கினர். சிகாகோ நடைநூலின் பதினெட்டாம் பதிப்பும், 1900க்குப் பிற்பட்ட நூல்கட்கு அது வேண்டுவதில்லை என 2024இல் தளர்த்திற்று.

பல நகரங்களில் கிளை பரப்பிய பெரும் பதிப்பகங்கட்கு இவ்விதி ஒக்கும். தமிழ் நூல்கட்கு எங்ஙனம் ஒக்கும்? சி. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புக்களோடு கூடிய தொல்காப்பியம் 1937 முதல் சுன்னாகத்தில் வெளிவந்தது. சுன்னாகம் என்னும் ஒரு சொல், அஃது ஈழத்துப் பதிப்பு என்பதையும், அதனை யாண்டுத் தேடத் தொடங்கலாம் என்பதையும் உடனுணர்த்தும். அச்சொல்லை நீக்கின் மிஞ்சுவது சிறிது இடம். இழப்பது தேடும் வழி.

இதனினும் பெரிது உரைவேறுபாடு. சொல்லதிகாரத்தை இளம்பூரணர் 456 நூற்பாவாகவும், சேனாவரையர் 463 நூற்பாவாகவும் கொண்டனர். எனவே, உரையாசிரியர் பெயரின்றி நூற்பா எண்ணை மட்டும் தரின், படிப்பவர் வேறொரு நூற்பாவைக் காண நேரும். பிறமொழி நூல்களை நோக்கி எழுந்த கைந்நூல்கள் இவ்விடர்ப்பாட்டைத் தனியே எடுத்துரையாமை இயல்பே. அதனை உணர்ந்து நிறைவு செய்தல் தமிழ்த்துறையின் கடன். காற்புள்ளி பிறழ்ந்தமைக்கு ஏட்டைத் திருப்பியனுப்பிவிட்டு, உரையாசிரியர் பெயர் விடுபட்டமையைக் காணாது ஏற்றுக்கொள்ளுதல் ஆய்வு நெறியன்று.

ஆகலின் யாம் வேண்டுவன மூன்று. மாணவர் பதிவு செய்த நாளில் வழங்கிய பதிப்பே அவர் ஏடு முடிக்குங்காறும் செல்லுபடியாதல் வேண்டும். எப்பதிப்பைப் பின்பற்றினார் என்பது ஏட்டின் முகப்பிலேயே குறிக்கப்படுதல் வேண்டும். எவ்விதி வரினும், உரையாசிரியர் பெயரும் பதிப்பாசிரியர் பெயரும் பதிப்பிடமும் தமிழ் நூற்குறிப்பில் நிலைத்தல் வேண்டும். முன்னிரண்டும் மாணவர்க்குத் துணையாம். மூன்றாவது, அவர்க்குப் பின் அவ்வேட்டைப் படித்து மூலம் தேடுவார்க்குத் துணையாம்.