பிந்தி வரும் பதவியுயர்வு

இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சாலையொன்றில் இளம் வயதில் உத்தியோகம் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, ஈற்றில் சாலை முகாமையாளர் என்னும் ஆசனத்தை அடையும் ஒருவரைப் பற்றி, அவர் அதை அடைந்தாரா என்றுதான் உறவினரும் ஊராரும் விசாரிப்பார்களேயன்றி, எந்த வயதில் அடைந்தார் என்று எவரும் விசாரிப்பதில்லை. ஆயினும் அவருடைய ஆயுட்கால வருமானத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது இந்த இரண்டாவது விஷயமே. சேவை மூப்பின்படி வரிசையில் நிறுத்திப் பதவியுயர்வு வழங்கும் சம்பிரதாயத்தைச் சீர்தூக்குவோர் பலரும் தகுதியா மூப்பா என்ற தர்க்கத்தோடு நின்றுவிடுவதால், காலம் என்ற அம்சம் கணக்கில் விடுபட்டுப் போகிறது. மன்னார்த் தீவையும் அதன் கரையோரத்தையும் கண்முன் வைத்துப் பார்ப்பவர்க்கு அந்த விடுபாடு எவ்வளவு பெரிது என்பது புலப்படும்.

ஒரே நாளில், 25ஆம் வயதில் சேவையிற் சேர்ந்து, 60ஆம் வயதில் ஓய்வுபெறும் இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவருக்குப் பதவியுயர்வு 35ஆம் வயதிலும் மற்றவருக்கு 50ஆம் வயதிலும் கிடைக்கிறது. அதனால் மாதச் சம்பளத்தில் ஏறுவது 10,000 ரூபா என்க. முந்தியவர் 25 வருஷங்களில் 30 இலட்சமும் பிந்தியவர் 10 வருஷங்களில் 12 இலட்சமும் மேலதிகமாகப் பெறுவர்; வித்தியாசம் 18 இலட்சம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்தவேண்டும் என்பது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஆதலால் அந்தப் 18 இலட்சத்தின்மேல் நிதியிற் சேர்ந்திருக்கவேண்டிய 3 இலட்சத்து 60 ஆயிரமும், ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதமான 54 ஆயிரமும், இவை ஈட்டியிருக்கக்கூடிய பல வருஷத்து வட்டியும் பிந்தியவர் கைக்கு வாராமலே போகின்றன.

பணிக்கொடையோ வேறு விதமானது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் மாதச் சம்பளம் பெறுவோருக்கு, இறுதியாகப் பெற்ற சம்பளத்தின் அரை மாதத் தொகையைச் சேவைக்கால வருஷங்களால் பெருக்கித் தரச் சொல்கிறது. எனவே இருவரும் ஓய்வுபெறும்போது ஒரே சம்பளத்தில் நின்றால், இருவரது பணிக்கொடையும் ஒன்றே. இனி, அதே தீவின் புகையிரத நிலைய அதிபரை எடுத்துக்கொண்டால், அவர் அரசாங்க ஊழியர். அவருடைய ஓய்வூதியமும் இறுதிச் சம்பளத்தையும் சேவைக்காலத்தையும் கொண்டே கணிக்கப்படுவதால், பதினைந்து வருஷத் தாமதத்தை அது பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. ஆக, ஒரே தீவில், ஒரே பிரயாணிகளுக்குச் சேவை செய்யும் இரு உத்தியோகத்தருள், பிந்திவரும் பதவியுயர்வால் முதுமையில் அதிகம் இழப்பவர் பஸ் சாலையைச் சேர்ந்தவரே.

இக்கணக்குக்கு ஒரு தடையுண்டு. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டபோது, இளமையிலேயே சேமித்தவர்களின் சேமலாப மீதி பெறுமதியில் கரைந்துபோயிற்று. அடுத்த வருஷத்துக்கென நிதி அறிவித்த 13 வீத வட்டி அந்த நட்டத்தை ஈடுசெய்யவில்லை. பிந்தி உயர்ந்தவருடைய பணிக்கொடை அன்றைய ரூபாயிற் கணிக்கப்படுவதால், அவருக்கு இவ்விடத்தில் ஓர் ஆறுதல் உண்டு என்று வாதிடலாம். நான் அவ்வாதத்தை முழுமையாக ஏற்கவில்லை. பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் பெற்றோரின் வைத்தியமும் ஒருங்கே நெருக்குவது முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட பருவத்தில். மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவேண்டிய ஆண்டில் வாராத பணம், அவள் மணமாகிப் போன பின் மொத்தமாக வந்தாலும் அந்த ஆண்டின் தேவையைத் தீர்ப்பதில்லை.

மூப்பு வரிசையின் நன்மைகளையும் நேர்மையோடு சொல்லவேண்டும். 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி சபை தோன்றிய காலந்தொட்டே, அரசியல்வாதிகளின் சிபாரிசுக் கடிதங்கள் அதன் உத்தியோகங்களைச் சுற்றி வட்டமிட்டு வந்திருக்கின்றன. தலைநகருக்குத் தொலைவிலுள்ள ஒரு சாலையில், சிபாரிசு தேடிச் செல்ல வழியற்ற உத்தியோகத்தருக்குச் சேவைப் பதிவேட்டில் உள்ள திகதியே பாதுகாப்பு. அதனை அகற்றி, தகுதி என்ற பெயரால் மேலதிகாரியின் அபிப்பிராயத்தை அங்கே வைத்தால், தகுதியன்று, செல்வாக்கே நுழையும்.

மேலும், இத்தொழிலில் வருஷங்கள் வெறுமே கழிவதில்லை. ஆவணி மாதத்தில் மடுத் திருவிழா நெருங்கும்போது எந்தச் சேவையைக் குறைத்து எங்கே விசேட பஸ்களைச் சேர்ப்பது, சிவராத்திரி இரவில் திருக்கேதீஸ்வரத்திலிருந்து திரும்பும் சனங்களை விடியுமுன் எப்படி ஊர்சேர்ப்பது, பேசாலையில் மீன் வியாபாரம் கலையும் நேரத்துக்கு எந்த பஸ் தலைமன்னாரிலிருந்து புறப்படவேண்டும் என்பவற்றை எந்தப் பரீட்சை வினாத்தாளும் கற்பிக்காது. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்பட்டுப் பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் பாதை குறுகியபோது நேரசூசிகளை மாற்றி அமைக்கவேண்டியிருந்ததை நினைக்கலாம். 2022இல் டீசல் அருகியபோது, தனியார் பஸ்களுக்கும் சபையின் சாலைகளிலேயே டீசல் வழங்கப்பட்டது. வாசலில் வரிசை நிற்க, பம்பின் அருகே பேரேட்டை விரித்துவைத்து, எந்த பஸ்ஸுக்கு எத்தனை லீற்றர் என்று தீர்மானித்து, நேற்றுப் பெற்றவர் இன்றும் வந்து நின்றால் முகம் கோணாது மறுக்கவேண்டிய கடமை சாலை நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. அத்தகைய வேளையில் அனுபவத்தின் அருமை தெரியும்.

ஆயினும் வரிசை நியாயமானதாக இருக்கவேண்டுமானால், அதில் நிற்பவர்கள் அனைவருக்கும் காலம் ஒரே சீராக ஓடியிருக்கவேண்டும். வடபகுதியில் அது அவ்வாறு ஓடவில்லை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து, சிங்களப் பரீட்சையில் தேறாத தமிழ் உத்தியோகத்தரின் வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவ்வாறு 1962இல் ஏற்றத்தை இழந்த அரசாங்க லிகிதர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு கோமறைக் கழகம் வரை சென்றது. அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்கிடலாம் என்று 1969இல் அங்கே தீர்ப்பாயிற்று. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூல வினாவோ தீராமலே நின்றது. ஓர் ஆண்டில் நின்ற ஏற்றம் அதன் பின்வரும் ஒவ்வோர் ஆண்டின் சம்பளத்தையும் தாழ்த்தும் என்பதை அவ்வழக்கைப் பேசுவோர் பெரிதும் எடுத்துரைப்பதில்லை.

தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 1990இல் யுத்தத்தால் நின்று, 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. அது நின்ற வருஷத்தில், 25ஆம் வயதில் அப்பாதையிற் பணியேற்ற ஒருவர், முதல் ரயில் திரும்பி வந்தபோது 50 வயதை எட்டியிருப்பார். நிலையங்களே இயங்காத பாதையில் நிலைய அதிபர் பதவிகள் வெற்றிடமாவதுமில்லை, நிரப்பப்படுவதுமில்லை. பஸ் சேவையிலும் 1991இல் சாலைகள் தனித்தனிக் கம்பனிகளாக்கப்பட்டபோது மேலே ஏறுவதற்கான படிகள் குறைந்தன. 2005ஆம் ஆண்டுச் சட்டம் சபையை மறுபடி ஒன்றாக்கும்வரை, ஊழியர் தம் எதிர்காலத்தை உறுதியாகக் கணிக்க வழியிருக்கவில்லை. அரசாங்க ஊழியரின் ஓய்வு வயதும் இவ்வாறே நிலைமாறிற்று. 2022இன் ஆரம்பத்தில் 65 ஆக உயர்த்தப்பட்டு, அவ்வருஷ முடிவோடு 60 ஆகத் தாழ்த்தப்பட்ட போது, மேலிருந்தவர்க்கு ஐந்து வருஷச் சம்பளம் போயிற்று. கீழிருந்தவர்க்குக் கதவு திறந்தது. இருவரில் எவருடைய திறமையும் அந்த வருஷத்தில் மாறவில்லை.

இவை எல்லாவற்றிலும் நான் மிக அநியாயமாகக் கருதுவது, பதிற்கடமை என்னும் வழக்கத்தை வருஷக்கணக்கில் நீட்டுவதையே. வெற்றிடம் ஏற்பட்ட அன்றே ஒருவரை அழைத்து ஆசனத்தில் அமர்த்திவிடுகிறார்கள். பஸ் பழுதானால் பதில் சொல்வதும், சாரதி வராத காலையில் மாற்று ஆள் தேடுவதும், கணக்காய்வு வினாக்களுக்குக் கையொப்பமிடுவதும் அவரே. நிரந்தர நியமனம் மட்டும் நேர்முகப் பரீட்சையை எதிர்பார்த்து நிற்கும். பணிக்கொடைச் சட்டம் சம்பளம் என்று கொள்வது அடிப்படைச் சம்பளத்தையும் வாழ்க்கைச் செலவுப்படி போன்றவற்றையுமே. ஆதலால் பதிற்கடமைக்கென ஒரு படி கிடைத்தாலும், நியமனம் வருமுன் அவர் ஓய்வுபெற்றுவிட்டால், முகாமையாளரின் பாரத்தைச் சுமந்த வருஷங்கள் பழைய பதவியின் சம்பளத்திலேயே மதிப்பிடப்படும்.

மூப்பு வரிசையை ஒழிக்கவேண்டியதில்லை. அதன் காலத்தைச் சட்டத்துக்கு உட்படுத்தவேண்டும். பதவியுயர்வுக்கு முன் தேறவேண்டிய வினைத்திறமைகாண் தடைப் பரீட்சை ஒவ்வோர் ஆண்டும் குறித்த மாதத்தில், தமிழ் மூலமாகவும், மன்னாரிலிருந்து ஒருநாளிற் சென்று திரும்பக்கூடிய இடத்தில் நடத்தப்படவேண்டும். ஆறு மாதங்களுக்கு மேல் பதிற்கடமை புரிந்து, பின்னர் அப்பதவியிலேயே உறுதிப்படுத்தப்படுபவரின் நியமனம், கடமையேற்ற திகதியிலிருந்து செல்லுபடியாகவேண்டும். அந்த இடைக்காலச் சம்பள வித்தியாசத்துக்குரிய சேமலாபப் பங்களிப்பையும் சபையே செலுத்தவேண்டும். நட்டத்தில் ஓடும் சபைக்கு இது இயலுமா என்ற ஆட்சேபம் எழும். அந்த ஆட்சேபத்துக்கு இடமளித்தால், சபையின் பற்றாக்குறையை அதன் நடுத்தர உத்தியோகத்தர்கள் தம் முதுமைச் சேமிப்பிலிருந்து நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று சபையே ஒத்துக்கொண்டதாகும்.