சிறுபதிப்பும் மொழித்தரமும்: க்ரியாவை முன்வைத்து

குறைந்த எண்ணிக்கையிலான வாசகர்களை நோக்கி வெளிவரும் நூல்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவற்றின் உள்ளடக்கத்தையே கருதுகின்றனர். அத்தகைய வெளியீடு மொழியின்மீது செலுத்தும் தாக்கம் போதிய கவனம் பெறவில்லை. எஸ். ராமகிருஷ்ணன் 1974இல் சென்னையில் தொடங்கிய க்ரியா பதிப்பகம் இதனை ஆராய்வதற்கு ஏற்ற சான்றாகும்.

இதற்கு முன்னோடி சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' (1959-1970). சிறிய வாசகர் குழுவைக் கொண்டே புதுக்கவிதைக்கு அது இடம் தேடித் தந்தது. க்ரியாவோ அதே அக்கறையைச் சொற்பிரிப்பு, நிறுத்தக்குறி ஆகியவை வரை கொண்டுசென்றது. இவை வெறும் அச்சு நேர்த்தி சார்ந்தவை அல்ல. 'மகனை அழைத்துவந்துவிட்டான்' என்பதில் 'விடு' துணைவினை. செயல் முடிந்தமையை உணர்த்துகிறது. 'மகனை அழைத்துவந்து விட்டான்' என்பதில் அது முதன்மைவினையாக நின்று, கொண்டுவந்து சேர்த்தலைக் குறிக்கிறது. பேச்சில் தொனி உணர்த்தும் வேறுபாட்டை எழுத்தில் இடைவெளியே உணர்த்த வேண்டியுள்ளது.

மொழிபெயர்ப்பிலும் இப்பயன் புலப்படும். காம்யுவின் 'அந்நியன்' (1980), செந்த்-எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' (1981) ஆகியவை பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்தவை. முன்னதை வெ. ஸ்ரீராமும், பின்னதை அவரும் ச. மதனகல்யாணியும் மொழிபெயர்த்தனர். பெருந்திரள் வாசகரின் பழக்கத்திற்கேற்ப மூலத்தைத் தளர்த்த வேண்டிய நெருக்கடி இத்தகைய முயற்சிகளுக்கு இல்லை.

எனினும் இச்சுதந்திரத்திற்கு ஒரு குறையும் உண்டு. ஏற்கெனவே உடன்பட்ட வாசகர் ஒரு மரபைச் சோதிப்பதில்லை, பழகிக்கொள்கிறார். ஒரு சொல்லாட்சி தெளிவானதா, குழுவிற்குள் மட்டும் பழகிப்போனதா என்பதை அவ்வட்டத்திற்குள் நின்று தீர்மானிக்க இயலாது. க்ரியாவின் 'தற்காலத் தமிழ் அகராதி' (1992) இவ்வட்டத்தைக் கடந்தது என்பதே அதன் சிறப்பு. தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தந்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் அது வழங்கியது. ஆகவே எவரும் அதனை மறுக்கவோ திருத்தவோ முடிந்தது. அகராதி 2008இலும் 2020இலும் விரிவுபெற்றது.

ராமகிருஷ்ணன் 2020 நவம்பரில் மறைந்தார். பதிப்பாசிரியரின் தீர்ப்புகள் அவரது பழக்கமாக மட்டும் இருப்பின் அவரோடு மறையும். விதிகளாகவும் சான்றுகளாகவும் பதிவுபெறின் விவாதத்திற்கு உரியனவாக நிலைக்கும். எனவே சிறுபதிப்பகங்கள் நூல்களை வெளியிடுவதோடு தாம் பின்பற்றும் மொழிநெறிகளையும் வெளியிடுவது இன்றியமையாதது. அவற்றைச் சோதிக்கும் பொறுப்பு மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது.