நாவலை முடிக்காதவரின் சீடர்கள்

தமிழில் நாவல் எழுதக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் எது என்று கேட்டால் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளைக் காட்ட முடியாது. நண்பர்கள் கூடிய திண்ணைகளைத்தான் காட்ட வேண்டும். அவற்றில் கும்பகோணத்துக்கு ஒரு விநோதம் உண்டு. அங்கே நடுநாயகமாக இருந்த கு.ப.ராஜகோபாலன் சிறுகதைக்காரர். நாவல் ஒன்றைத் தொடங்கி, முடிக்காமலே 1944-இல் 42 வயதில் காலமானார். அவரைச் சுற்றிவந்த மூன்று இளைஞர்களோ பிற்பாடு தமிழின் முக்கியமான நாவல்களை எழுதினார்கள்.

மூவரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். நாராயணசாமி 1919, எம்.வி.வெங்கட்ராம் 1920, தி.ஜானகிராமன் 1921. கு.ப.ரா.வுக்குக் 'கரிச்சான்' என்றொரு புனைபெயர் இருந்தது. நாராயணசாமி தன்னைக் 'கரிச்சான் குஞ்சு' ஆக்கிக்கொண்டார். பக்தி அந்த அளவுக்கு! ஜானகிராமனின் முதல் நாவலான 'அமிர்தம்', கு.ப.ரா. பொறுப்பில் இருந்த 'கிராம ஊழியன்' இதழில் வெளிவந்தது.

இப்படி ஒட்டிப் பழகியவர்களின் எழுத்தில் ஒரே வாடை அடிக்கும் என்று எதிர்பார்ப்போம். அடிக்கவில்லை. ஜானகிராமனின் 'மோகமுள்' உரையாடலாலேயே நடக்கிற நாவல். பாபுவும் யமுனாவும் பேசப் பேசத்தான் அவர்கள் மறைப்பதும் நமக்குத் தெரிகிறது. ஜரிகை வியாபாரம் செய்த வெங்கட்ராம், சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையை 'வேள்வித் தீ'யில் (1975) அலங்காரமே இல்லாமல் எழுதினார். பிறகு 'காதுகள்' நாவலில், காதுக்குள் ஓயாமல் கேட்கும் குரல்களால் அவதிப்படும் மகாலிங்கத்தைப் படைத்தார். 1993-இல் சாகித்ய அகாதெமி விருது அதற்குத்தான். வேதமும் சமஸ்கிருதமும் கற்ற கரிச்சான் குஞ்சு எழுதிய ஒரே நாவல் 'பசித்த மானிடம்' (1978). தொழுநோயாளி கணேசனை வைத்து உடம்பின் பசியை இவ்வளவு கூச்சமின்றி எழுதியவர் அந்த மூவரில் அவர்தான். என் கணக்கில் மூன்று பேரிலும் துணிச்சல்காரரும் அவரே. வாசகர்கள் அவருக்குச் செய்தது குறைவு.

மூவருக்கும் குருவிடமிருந்து வந்த பொதுச் சொத்து நடையில் இல்லை. ஆண் பெண் உறவைக் கண்டிக்காமல் பார்க்கும் பார்வையிலும், ஆசிரியர் தீர்ப்பு சொல்லாமல் ஒதுங்கி நிற்பதிலும் இருக்கிறது. பக்கத்தில் இருந்து பழகித்தான் அது படியும்.

இடைசெவலில் கூட்டம் இன்னும் சிறியது, இரண்டே பேர். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் ஒரே ஊரில் 1923-இல் பிறந்தவர்கள். அழகிரிசாமி சென்னைக்கும் மலேயாவுக்கும் போன பின் பேச்சு கடிதமாயிற்று. அவர் 1970-இல் இறந்தார். ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவல் வந்தது 1976-இல். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி வீட்டுப் பேச்சு பல தலைமுறை எழுத்தாளர்களை இழுத்தது. அவருடைய 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) இலக்கிய விவாதத்தையே கதைப்பொருளாக எடுத்துக்கொண்ட நாவல். இந்தக் கூட்டங்களுக்கு உலக நாவலைக் கொண்டுவந்து கொட்டியவர்களில் முதன்மையானவர் க.நா.சுப்ரமண்யம். ஹாம்சனின் 'நிலவளம்', லாகர்க்விஸ்டின் 'அன்பு வழி' இரண்டும் அவர் மொழிபெயர்ப்பு.

எங்கள் பாலாற்றங்கரைக்கு வருவோம். வாலாஜாபாத், காஞ்சிபுரம், உத்திரமேரூர் வட்டாரத்திலும் கூடிப் பேசும் பழக்கத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்கே பேச்சு மேடையை நோக்கிப் போயிற்று. அண்ணா 1942-இல் காஞ்சிபுரத்தில் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கிய பிறகு, படிப்பகத்தில் உட்கார்ந்த இளைஞர்கள் எழுத்தையும் சொற்பொழிவின் காதால்தான் கேட்டார்கள். அண்ணாவின் 'ரங்கோன் ராதா' நாவலிலேயே அந்த மேடை ஓசை உண்டு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மேடையில் நிற்பவர் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். கும்பகோணத்தார் பழகியது அதைச் சொல்லாமல் விடுவதற்கு.

வாலாஜாபாத்தில் நாலு பேர் சேர்ந்து நாவல் படிக்க உட்கார்ந்தால் 'வேள்வித் தீ'யில் தொடங்கலாம். நெசவின் பாவும் ஊடையும் கோர்வையும் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தறிக்குழியில் உட்கார்ந்தே வளர்ந்த ஒருவர், வெங்கட்ராம் எந்த இடத்தில் தொழிலைச் சரியாகச் சொன்னார், எந்த இடத்தில் கதைக்காக வளைத்தார் என்று காட்டிவிடுவார். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஏன் வளைத்தார் என்று சண்டை போடத் தொடங்கலாம்.