பேரணையில் நின்றுபோகும் கதை

பெரியாறு என்றவுடன் பென்னிகுவிக் கட்டிய அணையும், 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் அதைத் திறந்துவைத்ததும் நினைவுக்கு வரும். மலையைக் குடைந்த சுரங்கம் வரை சொல்லிவிட்டு, மதுரை செழித்தது என்று முடித்துவிடுவது நம் நூல்களின் வழக்கம். இது பாதிக் கதை என்பேன். சுரங்கத்தை விட்டு வெளிவரும் நீர் தானாக மேலூர் வயலுக்குப் போய்ச் சேராது. கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையில் கலந்து, விட்டால் இராமநாதபுரம் நோக்கிப் போய்விடும். அதை மறித்துக் கால்வாயில் திருப்புவது நிலக்கோட்டைக்கு அருகேயுள்ள பேரணை.

பக்கிங்காம் கால்வாயின் ‘லாக்’குகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இரு கதவுகளுக்கிடையே படகை நிறுத்தி நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் அமைப்பு அது. பேரணையிலோ படகு இல்லை. பயணம் போவது நீர்தான். ஆற்றின் குறுக்கேயுள்ள கதவுகள் மட்டத்தை உயர்த்துகின்றன. தலைமதகு வேண்டிய அளவை உள்ளே விடுகிறது. மதகுக் கதவின் அடியில் பாயும் நீரின் அளவு, அதன்மேல் நிற்கும் நீரின் உயரத்தினுடைய வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரம் நான்கு மடங்கானால்தான் பாய்ச்சல் இரு மடங்காகும். ஆகவே ஆறு சற்று ஏறி இறங்கினாலும் கால்வாயில் அவ்வளவு ஆட்டம் தெரியாது. 1959-இல் வைகை அணை வரும்வரை, மேலே தேக்கமே இல்லாத ஆற்றில் வெள்ளத்தையும் பெரியாற்று நீரையும் சேர்த்துச் சமாளித்தது இந்த ஏற்பாடுதான். அணையைவிட இதுவே நுட்பமான வேலை என்பது என் கருத்து.

குறையும் உண்டு. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோக நிலம் 45,041 ஏக்கர். வினாடிக்கு 900 கன அடி திறப்பதாகச் செய்தி வரும்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 7.8 கோடி கன அடி. நிலம் முழுவதும் பரப்பினால் அரை அங்குலம்கூட நிற்காது. ஆவியாகவும் பயிர் வழியாகவும் போவதே சுமார் கால் அங்குலம். கால்வாய்க் கசிவும் வயலுக்குள் இறங்கும் நீரும் மிச்சத்தில்தான் அடங்க வேண்டும். தலைமடைக்காரர் ஒரு மடையை மூட மறந்தால் கடைமடைக்காரரின் பங்கு போயிற்று. கள்ளந்திரிக்கு அப்பால் மேலூர் வரை ஒருபோக நிலம் வேறு 85,563 ஏக்கர் காத்திருக்கிறது. நீர் குறைந்த ஆண்டில் நட்டம் எப்போதும் அதே கடைமடைக்குத்தான். முறைவைத்து விடுவது இதற்கு மருந்து. ஆனால் மருந்து வேலை செய்ததா என்பது பேரணையின் அளவுகோலில் தெரியாது. அங்கே போகும் மாணவர்கள் கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், அதே வாரத்தில் கள்ளந்திரியில் ஓடும் நீரின் உயரத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.