கலை அரசி (1963): வேற்றுக்கிரகம் நம்மிடம் தேடியது என்ன?



வேற்றுக்கிரகவாசி படம் என்றதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றும்? எரியும் நகரம், சிதறி ஓடும் மக்கள், கடைசியில் பெரிய சண்டை. 1963 ஏப்ரலில் வெளிவந்த ‘கலை அரசி’யில் அப்படிப்பட்ட படையெடுப்பு கிடையாது. ஏ. காசிலிங்கம் இயக்கிய இப்படத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த தலைமுறை பீடோங், பாடாங் செராய் பக்கம் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்க, படத்தின் பெயரே ஞாபகம் வரலாம்.

கதை எளிது. அறிவியலில் முன்னேறிய ஒரு கிரகத்தில் கலை இல்லை. அங்கிருந்து வரும் தின்னா (நம்பியார்), பாட்டில் சிறந்த வாணியைக் கண்டுபிடித்துத் தூக்கிப் போகிறான். அவள்மீது அன்பு கொண்ட விவசாயி மோகன் பின்தொடர்கிறான்.

1997இல் வந்த ஹாலிவுட் படம் ‘காண்டாக்ட்’டில் ஒரு பெண் விஞ்ஞானி ஹெட்போன் மாட்டிக்கொண்டு விண்வெளி ஒலிக்குக் காத்திருப்பார். அங்கே தேடுவது மனிதர். இங்கே தேடல் தலைகீழ்: அவர்கள் நம்மைத் தேடுகிறார்கள். அதுவும் தங்கத்தையோ தண்ணீரையோ அல்ல, பாட்டை. ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே ஆண்டு. முதல் விண்வெளிப் பெண் தெரெஷ்கோவா புறப்பட்டதே அந்த 1963 ஜூனில்தான். அதற்கு முன்பே ஒரு தமிழ்ப்படம் பாடகியை விண்கலத்தில் ஏற்றிவிட்டது!

சரி, குறை இல்லையா? இருக்கு. கலை இல்லாத ஊரில் குழந்தையை எப்படித் தூங்க வைப்பார்கள், துக்கத்தை எப்படி ஆற்றுவார்கள்? படம் இதையெல்லாம் கேட்கவே இல்லை. அருமையான கருவை எடுத்துக்கொண்டு, உருவ ஒற்றுமை, மாறாட்டம், வாள் வீச்சு என்று பழகிய பாதையிலேயே போய்விடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்க. கலை வேண்டுமென வந்தவர்கள் கலைஞரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை, கடத்தினார்கள். கலை அறியாத அறிவு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அந்தக் கடத்தலே சான்று. இயக்குநர் இதை அழுத்திச் சொல்லவில்லை. ஆனாலும் படத்திலிருந்தே நாம் எடுத்துக்காட்ட முடியும். திறனாய்வு என்பது இதுதான், மாணவர்களே. ‘படம் நன்று’ என்று எழுதினால் போதாது. காட்சியைச் சொல்லுங்கள், அது எதைக் காட்டுகிறது என்று சொல்லுங்கள்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன்? சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் படிவம் 4க்குப் பாடம் தேர்வு செய்யும்போது, “டீச்சர், சயின்ஸ் எடுக்கிறேன், இலக்கியம் எதுக்கு?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு 1977இல் ஒரு பதில் இருக்கிறது. அந்த ஆண்டு நாசா அனுப்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் தங்க முலாம் பூசிய இசைத்தட்டு போனது. அதில் சுமார் 90 நிமிட இசை, 55 மொழிகளில் வணக்கம். உலகின் தேர்ந்த விஞ்ஞானிகளே, நம்மை அறிமுகப்படுத்தச் சூத்திரம் மட்டும் போதாது, பாட்டும் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இந்தியாவிலிருந்து கேசர்பாய் கேர்க்கரின் குரல் போனது. வணக்கம் சொன்ன மொழிகளில் தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு. தமிழ் இல்லை.

காரணம் எதுவானாலும், எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அறிவியல் கூடத்துக்குள் தமிழையும் விடாமல் கொண்டுபோகிற ஒருவர் வேண்டும். அது நம் தோட்டத்துப் பிள்ளையாக ஏன் இருக்கக் கூடாது? இயற்பியலும் எடுங்கள், இலக்கியமும் எடுங்கள்.

வகுப்பில் கேட்க ஒரு வினா: அந்த வேற்றுக்கிரகவாசிகள் கடத்தாமல், முறையாக வந்து கேட்டிருந்தால் வாணி போயிருப்பாளா? காரணத்துடன் 80 சொற்களில் எழுதச் சொல்லுங்கள்.