வெள்ளிக் காசும் தகர வில்லையும்: நாணயச் சேகரிப்பின் வரலாற்று நோக்குப் பற்றி

இலங்கை நாணயவியலில் ஈடுபடுவோர் முதலில் நாடுவது எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924 இல் கொழும்பில் வெளியிட்ட ஆங்கில நூலையாகும். அதற்கு முன்னர், 1895 இல், பி. லவ்ஸ்லி இத்துறையில் எழுதியுள்ளார். இவர்களது உழைப்பு மதிப்பிற்குரியது. இவர்களின்றி நாம் எழுப்பும் வினாக்களுக்கும் இடமிருந்திராது. ஆயின், இவர்கள் வழிவந்த சேகரிப்பு மரபு எதனை அரியது என்கிறது, எதனைப் புறந்தள்ளுகிறது என்பது ஆராயற்பாலது.

கண்டியிராச்சியத்தின் கொக்கி வடிவ வெள்ளிக் காசு இன்று சேகரிப்போரால் பெரிதும் விரும்பப்படுகிறது. பாரசீகத்து லார் நகரின் பெயரால் லாரி எனப்பட்டு, இந்து சமுத்திர வாணிகத்தோடு பரவிய வெள்ளிக் கம்பிக் காசின் வழிவந்தது அது. 1681 இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூல் ஒரு முக்கிய செய்தியைத் தருகிறது. அரசனின் அனுமதியுடன் மக்களே இக்காசைச் செய்தனர். விரும்பிய குறியைப் பொறித்தனர். ஐயம் எழுந்தால் நெருப்பிற் பழுக்கக் காய்ச்சி நீரிலிட்டு வெள்ளியின் தூய்மையைச் சோதித்தனர். பணம் எனப்பட்ட சிறு காசோ அரசனுக்கே உரியது. பிறர் அதனை அடித்தால் மரணதண்டனை. எனவே கொக்கிக் காசின் பெறுமதி அதன் உலோகத்திலிருந்ததே அன்றிக் குறியிலிருந்ததன்று. சேகரிப்போரோ குறியின் அருமையையே விலையாக்குகின்றனர். புழங்கியோர் இரண்டாம்பட்சமாகக் கருதியதே இங்கு முதன்மை பெறுகிறது.

1815 இல் கண்டி வீழ்ந்தது. மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, ஹற்றன், நுவரெலியா மலைகளைத் தேயிலை மூடியது. இக்காலத்தின் வெள்ளிக் காசு ரூபாவாகும். அது அரியதன்று, ஆதலால் சேகரிப்போர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வர்க்க உறவுகளை அதனிலும் தெளிவாகக் காட்டும் காசு வேறில்லை. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்ற ரூபா, உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தமையால் 1893 அளவில் ஏறத்தாழ 1 ஷில்லிங் 3 பென்சாகக் குறைந்தது. தோட்டத்துரைமார் தேயிலையை இலண்டனில் பவுணுக்கு விற்றனர். கூலியை வெள்ளி ரூபாவில் கணக்கிட்டனர். வெள்ளியின் வீழ்ச்சி அவர்களுக்கு இலாபமாயிற்று. அந்த ரூபாவும் தொழிலாளியின் கையை முழுமையாக அடைந்ததில்லை. அரிசியும் முன்பணமும் செக்றோலிலேயே கழிக்கப்பட்டன. எஞ்சியதைக் கங்காணியின் கடன் விழுங்கிற்று.

அக்கடனைக் குறித்த தாளே துண்டு. கடனைத் தீர்க்கச் சம்மதிக்கும் மறு தோட்டத்திற்கே தொழிலாளி செல்லக்கூடுமாயிருந்த அம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து வந்தோர் கழுத்தில் தோட்டத்தின் குறியெண் பொறித்த தகர வில்லை தொங்கியது. ‘டின் டிக்கட்’ எனப்பட்ட அதனைக் காட்டியே அவர்கள் பயணஞ் செய்தனர். செலவு தோட்டத்தின் கணக்கிற் சேர்ந்தது. கண்டிக் குடியானவன் காசில் தன் குறியைப் பொறித்தான். தோட்டத் தொழிலாளி தோட்டத்தின் குறியைத் தன் மார்பிற் சுமந்தான். இவ்விரு பொருள்களையும் ஒருங்கு வைத்து நோக்காத நாணயவியல் பாதி வரலாற்றையே கூறுகிறது.

இக்குறை சேகரிப்போரின் தனிப்பட்ட குறையன்று. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம், காசு முதலிய பொருள்கள் 1815 மார்ச் 2 ஆந் திகதிக்கு முற்பட்டவையாயின் தொல்பொருள் என வரையறுத்தது. கண்டி உடன்படிக்கையின் நாளே அது. பெருந்தோட்ட வாழ்வு முழுவதும் அந்த எல்லைக்கு அப்பாலே தள்ளப்பட்டது. எட்டாண்டுகளின் பின், 1948 இன் குடியுரிமைச் சட்டம் அதே மக்களிடம் தந்தைவழி முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. ஒரு சட்டம் அவர்களது பொருள்களை வரலாறாக ஏற்கவில்லை. மற்றொரு சட்டம் வரலாற்றுச் சான்றின்மையைக் காட்டி அவர்களை நாடற்றவராக்கிற்று.

2007 இல் கம்பளைப் பகுதியில் தொடங்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இத்திசையில் ஒரு முன்னேற்றம். எனினும், லயன் அறைகளின் தகரப்பெட்டிகளில் எஞ்சியுள்ள வில்லைகளும் கடன் தாள்களும் சம்பளச் சீட்டுகளும் அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றை விலைக்கு வாங்கிப் பேழையில் அடுக்குதல் போதாது. எந்தத் தோட்டம், யாருடைய கை, எத்தகைய உழைப்பு என்ற விவரங்களை முதியோர் வாய்மொழியோடு பதிவுசெய்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் இணைந்து மேற்கொள்ளவேண்டிய பணி இது. அம்முதியோர் வாழும்வரையே இது இயலும்.