ஆண்டியும் அரசனும்: அறிந்த பாத்திரங்களைப் பெருவீரராக்கும் வேடப்புனைவின் படைப்பூக்கங்கள் – பழனியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மக்கள் நன்கறிந்த கார்ட்டூன் பாத்திரத்திற்குப் புதிய உடையும் ஆற்றலும் அளித்துச் சூப்பர் ஹீரோவாக்குவதும் அவ்வேடத்தை ஏற்று நடிப்பதும் இன்றைய வெகுசனப் பண்பாட்டில் பரவலாகக் காணப்படுகின்றன. இவ்வழக்கத்தை அயல்நாட்டு இறக்குமதி என்று ஒதுக்கும் போக்கு நம்மிடையே உண்டு. இத்தகைய மறுபுனைவின் படைப்பூக்கம் எங்கிருந்து எழுகின்றது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகின்றது. பழைய பாத்திரத்தின் தீராத குறை ஒன்றும், புதிய வேடத்திலும் மறையாது நிற்கும் அடையாளம் ஒன்றுமே அவ்வூக்கத்தின் இரு ஊற்றுகள் என்பதனைப் படக்கதைகள், சிலப்பதிகார வேட்டுவ வரி, பழனித் தண்டாயுதபாணியின் நாள்வழி அலங்காரங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு நிறுவ முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: வேடப்புனைவு, அலங்காரம், சூப்பர் ஹீரோ, படக்கதை, பழனி, வேட்டுவ வரி, குறிஞ்சி.

முன்னுரை

முன்பே அறிமுகமான ஒருவரை வேறோர் உருவில் காண விரும்புவது மனித மனத்தின் இயல்பு. பள்ளி மாறுவேடப் போட்டியில் குழந்தைகள் பாரதியாராகவும் சோட்டா பீமாகவும் மேடையேறுகின்றனர். அவையோர் அக்குழந்தையையும் அது ஏற்ற வேடத்தையும் ஒருசேரக் கண்டு மகிழ்கின்றனர். ஒன்றை மறந்து மற்றொன்றை மட்டும் கண்டால் அம்மகிழ்ச்சி நிகழாது. இவ்விரட்டைக் காட்சியே வேடப்புனைவின் அடிப்படை. ஏற்கெனவே உள்ள பாத்திரத்திற்குப் புதிய கோலமும் புதிய செயலும் அளிக்கும் படைப்புச் செயலை இக்கட்டுரை வேடப்புனைவு என்னும் சொல்லால் குறிக்கின்றது. படக்கதையாசிரியர் தாளில் செய்வதும், நடிப்போர் உடலால் செய்வதும் இச்சொல்லில் அடங்கும்.

வேடம், கோலம், கூத்து, அலங்காரம் எனத் தமிழில் இதற்குரிய சொற்கள் பல உள்ளன. ஆயினும் கோயில் அலங்காரத்தைச் சமயச் சடங்காகவும், சூப்பர் ஹீரோ வேடத்தைச் சிறுவர் விளையாட்டாகவும் தனித்தனியே வைத்துப் பார்ப்பதால் இரண்டிற்கும் பொதுவான படைப்பு நெறி கவனம் பெறுவதில்லை. அந்நெறியை அடையாளங்காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தோற்பவனுக்கு ஒரு முகமூடி

வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் டொனால்ட் டக் 1934ஆம் ஆண்டில் திரையில் தோன்றிய பாத்திரம். முன்கோபமும் துரதிர்ஷ்டமுமே அதன் இயல்பு. படக்கதைகளில் செல்வம் அதன் மாமனிடமும், நல்லூழ் அதன் உறவினனிடமும் சேர, டொனால்டுக்குத் தோல்வியே எஞ்சும். இப்பாத்திரம் 1969இல் இத்தாலியில் ‘பாபெரினிக்’ என்னும் முகமூடி வீரனாக மறுபிறவி எடுத்தது. எலிசா பென்னா இக்கருத்தை முன்வைக்க, குய்தோ மார்த்தினா கதை எழுத, ஜியோவான் பத்திஸ்தா கார்ப்பி ஓவியம் தீட்டினார். 1962இல் தொடங்கிய ‘டயாபோலிக்’ என்னும் இத்தாலியக் குற்றப் படக்கதையின் நாயகன் அவ்வேடத்திற்கு முன்மாதிரியானான்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பாபெரினிக் முதலில் உலகைக் காக்க வந்தவன் அல்லன். தன்னைத் தாழ்த்தியவர்களுக்குப் பதிலடி கொடுக்க வந்தவன். ஊரைக் காக்கும் வீரனாக அவன் உருப்பெற்றது பின்னரே. ஆகவே, வெளியிலிருந்து வந்த டயாபோலிக் அதற்கு உடையை மட்டுமே தந்தது; உயிரைத் தந்தது டொனால்டின் நெடுநாள் தோல்வியே. எப்போதும் வெல்லும் ஒருவனுக்கு முகமூடி அணிவித்திருந்தால் வாசகருக்கு அதில் சுவை இருந்திராது.

1965இல் டிஸ்னி படக்கதைகளில் தோன்றிய ‘சூப்பர் கூஃப்’ வேறொரு வகை. வெகுளியான கூஃபி, தன் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த அதிசய நிலக்கடலையை உண்டு பறக்கும் ஆற்றல் பெறுகின்றது. ஆற்றல் வந்தபின்னும் அதன் வெகுளித்தனம் போவதில்லை. அண்டவெளியிலிருந்தோ ஆய்வுக்கூடத்திலிருந்தோ வரவேண்டிய ஆற்றல் கொல்லைப்புறக் கடலைச்செடியிலிருந்து வருவதே இக்கதையின் நகைச்சுவைக்கும் நம்பகத்தன்மைக்கும் காரணமாகின்றது. குறை புதுவேடத்திற்குக் காரணமாவதை முதற்கதையும், இயல்பு புதுவேடத்திலும் அழியாதிருப்பதை இரண்டாம் கதையும் காட்டுகின்றன.

2. மறையாத கை

தமிழ்ப் படக்கதை வரலாற்றில் இவ்விரண்டாம் கூற்றுக்குப் பொருத்தமான சான்று இரும்புக்கை மாயாவி. ‘வேலியன்ட்’ என்னும் பிரித்தானிய வார இதழில் 1962இல் தொடங்கிய இத்தொடரின் நாயகன் லூயிஸ் கிராண்டெல். ஸ்பானிய ஓவியர் ஜேசுஸ் பிளாஸ்கோ அவனுக்கு உருவம் தந்தார். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் தீய வழியில் சென்ற அவன், பின்னர் உளவுப் பணியாளனாகவும் சிறிதுகாலம் தனிச்சீருடை அணிந்த சூப்பர் ஹீரோவாகவும் மாறினான். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வழியாக இப்பாத்திரம் தமிழுக்கு வந்தது.

ஆங்கிலத் தலைப்பு இரும்புக்கையை மட்டுமே சுட்ட, தமிழ்ப் பெயர் அதனுடன் ‘மாயாவி’ என்பதனையும் சேர்த்தது. நாட்டார் கதைகளிலும் மாயாஜாலக் கதைகளிலும் பழகிய அச்சொல் அயலவனான கிராண்டெலைத் தமிழ் வாசகரின் கற்பனைக்குள் குடியேற்றியது. பெயர்சூட்டல் இங்கு வேடம் புனைதலாகவே அமைந்தது. மேலும், உடல் முழுதும் மறைந்தும் கை மறையாதிருத்தல் கதையின் உத்தி மட்டுமன்று. வேடப்புனைவின் இலக்கணமும் ஆகும். எத்தனை கோலம் மாறினும் ஏதேனும் ஒன்று மறையாது நின்றால்தான் ‘இவன் அவனே’ என்னும் அறிதல் நிகழும்.

3. கோவணமும் மணிமுடியும்

இவ்விரு கூறுகளும் ஒருங்கே அமைந்த தமிழ்க் களம் பழனி. சங்க இலக்கியத்தில் ஆவியர்குடியின் பொதினியாக அறியப்படும் இம்மலை, உடைமாற்றக் கற்பனைக்கு மிகப் பழைய சான்று ஒன்றையும் தன்னிடம் கொண்டுள்ளது. வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த செய்தி புறநானூற்றில் பேசப்படுகின்றது. மயில் உடுத்தாது என்பதை அறிந்தும் அளித்த அக்கொடை பறவைக்கு மனிதக் கோலம் தந்த அருட்கற்பனையாகும். மயிலுக்குக் குளிரும் என்று அவன் எண்ணிய ஒரு குறையே அப்போர்வைக்குக் காரணம்.

திருமுருகாற்றுப்படை திருஆவினன்குடியைப் பாடுகையில், துறவுக்கோலம் அங்கு வரும் முனிவர்களுக்கே உரியதாக அமைகின்றது. மரவுரியும் மான்தோலும் நோன்பால் மெலிந்த உடலும் அவர்களுடையவை. முருகனோ அங்குத் தன் துணைவியுடன் தங்கியிருப்பவன். மாங்கனிக் கதை அந்நூலில் இல்லை. எனவே இன்று பழனியின் மூலவடிவமாக மக்கள் மனத்தில் நிற்கும் கோவணாண்டிக் கோலமும், இலக்கிய நோக்கில், சங்கநூல் காட்டும் முருகன்மீது பின்வந்த மரபு புனைந்த புதுக்கோலமே எனக் கொள்ள இடமுண்டு.

உலகை வலம்வந்தும் கனியை அண்ணனிடம் இழந்து, கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளை என்பதே மக்களிடையே வழங்கும் பழனிக் கதை. 1965இல் வெளிவந்த ஏ.பி. நாகராசனின் ‘திருவிளையாடல்’ திரைப்படமும் இக்கதையை எடுத்தாண்டது. ஓர் இழப்பே இக்கதையின் மையம். இழந்தவன் அனைத்தையும் துறந்து தண்டூன்றி நிற்கின்றான். அத்தகையவனுக்குத்தான் நாள்தோறும் பல கோலங்கள் புனையப்படுகின்றன. காலையில் சந்நியாசி, சிறுகாலசந்தியில் வேடன், காலசந்தியில் பாலசுப்பிரமணியர், உச்சிக்காலத்தில் வைதீகாள், சாயரட்சையில் அரசன் என அலங்காரங்கள் மாறுகின்றன.

அரசர்க்கு அரச உடை அணிவித்தால் அது வெறும் உடுத்தல். ஆண்டிக்கு அணிவித்தால் அது புனைவு. ராஜ அலங்காரத்தின் பேரழகு மணிமுடியில் மட்டும் இல்லை. அம்முடியின் கீழே கோவணத் திருமேனி உள்ளது என்பதைக் காண்போர் அறிந்திருப்பதில் உள்ளது. எந்தக் கோலத்திலும் அவன் தண்டாயுதபாணியே. இரும்புக்கை மாயாவியிடம் கை செய்யும் பணியை இங்குத் தண்டு செய்கின்றது. வேடன் அலங்காரமும் காரணமின்றி வந்ததன்று. வள்ளியை நாடித் தினைப்புனத்திற்கு முருகன் வேடனாக வந்த கந்தபுராணக் கதை அதற்குப் பின்புலமாகின்றது. ஒவ்வொரு புதிய கோலமும் பழைய கதையொன்றின் வாயிலாகவே நுழைகின்றது.

4. பிறையான பன்றிக்கொம்பு

குறை, அடையாளம் என்னும் இரண்டோடு மூன்றாவதாகக் கருதத்தக்கது, வேடம் எப்பொருளால் ஆகின்றது என்பது. இதற்குச் சிலப்பதிகார வேட்டுவ வரி விடைதருகின்றது. எயினர் தங்குலக் குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைகின்றனர். பாம்புக்குட்டியால் கூந்தல் சடைமுடியாகின்றது, பன்றிக்கொம்பு பிறைமதியாகின்றது, புலிப்பல் தாலியாகின்றது, புலித்தோல் ஆடையாகின்றது. வானத்துப் பிறையைக் கொணர இயலாத வேட்டுவர், தம் காட்டில் கிடைத்த வெண்ணிற வளைவில் பிறையைக் காண்கின்றனர். வடிவ ஒப்புமையைக் காணும் அக்கண்ணே படைப்பாளியின் கண். கொல்லைப்புறக் கடலையில் விண்ணாற்றல் விளைந்த சூப்பர் கூஃப் கதையும் இதே நெறியில் நிற்பது.

எயினர் அக்கோலத்தைப் புனைந்ததற்கும் ஒரு குறையே காரணம். கொற்றவைக்குரிய கடன் செலுத்தப்படாமையால் தம் வில் வளம் குன்றியதெனத் தெய்வமுற்ற சாலினி உரைத்த பின்னரே குமரிக்குக் கோலம் புனையப்படுகின்றது. இங்குக் குறை பாத்திரத்திடம் இல்லை. வேடம் புனையும் சமூகத்திடம் உள்ளது. வெல்ல இயலாத நாளில்தான் வெல்பவளின் உருவம் தேவைப்படுகின்றது.

ஆயின் இங்கு ஒரு வினா எழுகின்றது. வேட்டுவ வரியில் வேட்டுவரே வேடம் புனைந்தனர். பொருளும் அவர்களுடையது, குமரியும் அவர்களுடையவள். பழனி மலைத்தொடரில் இன்றும் பளியர், புலையர் முதலிய மலைமக்கள் வாழ்கின்றனர். வேடன் என்னும் கோலம் நாள்தோறும் கண்டு வணங்கப்படும் அதே மலைநிலத்தில், காட்டுவாழ்வு நடத்திய மக்கள் கோலத்தின் ஊற்றாக நினைக்கப்படுகின்றனரா என்று கேட்பது திறனாய்வின் கடமை. வேடத்தைக் கொண்டாடி, அவ்வேடத்திற்கு உரியோரை மறப்பது படைப்பூக்கத்தின் ஊற்றை மறைப்பதாகும்.

5. மலையடியில் மறுவேடம்

வேடப்புனைவு தெய்வத்தோடு நின்றுவிடுவதில்லை. பழனிக்கு நேர்ந்துகொண்டோர் காவியுடுத்து, மடிப்பிச்சை ஏந்தி, ஆண்டிக்கோலத்தில் மலைக்கு வருவர். முடியிறக்கிச் சந்தனம் பூசிய குழந்தை ஒரு சிறு தண்டாயுதபாணியாகவே தோன்றும். வசதியுடையோரும் பிச்சை ஏற்க வேண்டும் என்பதே இந்நேர்த்தியின் பொருள். மேலே ஆண்டி அரசனாகும் மலையில், கீழே இல்லறத்தார் ஆண்டியாகின்றனர். இருதிசையிலும் இயங்கும் இம்மாற்றமே பழனியின் தனிச்சிறப்பு. சூப்பர் ஹீரோ வேடம் ஏற்போர் தம்மிடம் இல்லாத வலிமையை நாடுகின்றனர். பழனி அடியார் தம்மிடம் உள்ளதைத் துறந்து பார்க்கின்றனர்.

மலைத்தொடரின் உச்சியில் கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயில் வேறொரு மறுபுனைவைக் காட்டுகின்றது. மேலைநாட்டில் பிறந்து, இலங்கைத் தமிழறிஞர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்னும் பெயர் பூண்ட அம்மையார் 1936இல் இக்கோயிலை எழுப்பினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் பெயரால் இறைவன் இங்கு அழைக்கப்படுகின்றான். ஆண்டி என்றோ அரசன் என்றோ கூறாமல், சங்கத் திணைப் பெயரை மீட்டெடுத்தமையால் இது பின்னோக்கிய புதுமை எனத்தகும். புதுமைக்குரிய ஊக்கம் எப்போதும் வரவிருப்பதிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்கு இது சான்று. அதனை நிகழ்த்தியவரும் புதுப்பெயரையும் புதுவாழ்வையும் ஏற்ற ஒருவரே என்பது இவ்வாய்வில் குறிக்கத்தக்கது.

6. ஒப்பீட்டின் எல்லை

இவ்வொப்பீட்டிற்கு எல்லையும் உண்டு. டொனால்ட் டக் ஒரு நிறுவனத்தின் உடைமை. தண்டாயுதபாணி வழிபாட்டிற்குரிய இறைவன். அடியார் அலங்காரத்தைக் கற்பனை எனக் கொள்வதில்லை. அருட்காட்சி எனவே கொள்கின்றனர். படக்கதை வாசகர், முகமூடிக்குள் இருப்பவன் யாரென்று பிற பாத்திரங்கள் அறியாததை எண்ணி மகிழ்கின்றனர். பழனியில் அத்தகைய மறைப்பே இல்லை. ஆகவே இக்கட்டுரை இரண்டையும் ஒன்றெனக் கூறவில்லை. நம்பிக்கை வேறு, புனைவு வேறு. ஆயினும் கோலம் பொருள்தரும் முறை இரண்டிலும் ஒத்திருக்கின்றது.

இம்முறை மதிப்பீட்டு அளவுகோலாகவும் பயன்படும். 2008இல் தொலைக்காட்சிக்கு வந்த சோட்டா பீம், பாரத வீமனைத் தோலக்பூர்ச் சிறுவனாக்கியது. காலமும் களமும் மாறியபோதும் பெரும்பசி மாறவில்லை. லட்டு உண்டதும் வலிமை பெருகுகின்றது. இதிகாச வீமனின் உணவு வேட்கையே இங்கு மறையாத அடையாளமாயிற்று. அடையாளத்தையும் குறையையும் துடைத்துவிட்டுத் தசையும் மேலாடையும் மட்டும் சேர்த்த மறுபுனைவு, எந்தப் பாத்திரத்திற்கும் பொருந்துவதாகி, எந்தப் பாத்திரத்தையும் குறிக்காமற் போகின்றது.

முடிவுரை

அறிந்த பாத்திரத்தைப் பெருவீரராக்கும் வேடப்புனைவு மூன்று நிலைகளில் ஊக்கம் பெறுகின்றது. பாத்திரத்திடமோ சமூகத்திடமோ உள்ள தீராத குறை அதனைத் தூண்டுகின்றது. மறையாத அடையாளம் அதனைத் தாங்குகின்றது. வாழும் இடத்துப் பொருள்கள் அதற்கு உருத்தருகின்றன. பாபெரினிக்கின் தோல்வியும், மாயாவியின் கையும், எயினரின் பன்றிக்கொம்பும், பழனியாண்டியின் தண்டும் இந்நெறியின் வெவ்வேறு சான்றுகள். இவற்றைச் சடங்கு, பொழுதுபோக்கு எனப் பிரித்து வைத்த வேலியைத் தமிழாய்வு கடக்குமாயின், மாறுவேடம் ஏற்று மேடையேறும் குழந்தையின் கற்பனையைப் பேசவும் நம் மரபுச் சொற்களே போதுமானவை என்பது புலனாகும்.